மூன்று மில்லிமீட்டர் ஊர்

செந்தமிழனுக்குச் சுழல் நாற்காலி வந்த அன்றைக்குத்தான் ஆனந்தராஜுக்கு முதன்முதலாக வயிறு எரிந்தது. தயிர்சாதம் சாப்பிட்டுப் பார்த்தான், அடங்கவில்லை. மருந்துக்கடையில் ரோஸ் கலர் மருந்து வாங்கிக் குடித்தான், அதற்கும் அடங்கவில்லை. டாக்டரிடம் போனால் அவர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, “வயித்துல ஒண்ணுமில்லையே. ஆபீஸ்ல பக்கத்து சீட்டுல யாரு?” என்று கேட்டார். புதுக்கோட்டையில் அரசு ஊழியர்களையே பார்த்துப் பார்த்துத் தேறிய டாக்டர் அவர்.

ஆனந்தராஜும் செந்தமிழனும் ஒரே தேர்வு எழுதி ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்த சர்வேயர்கள். கறம்பக்குடியிலிருந்து ஒரே பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்தவர்கள். இன்றைக்கு ஒருவன் சுழல்கிறான், மற்றவன் ஒரு கால் குட்டையான மர நாற்காலியில் ஆடுகிறான். டீ வந்தால் முதல் டம்ளர் செந்தமிழனுக்கு. வேப்பமர நிழலில் நிற்பது செந்தமிழன் வண்டி. ஆனந்தராஜின் வண்டி சீட்டில் சாயங்காலம் உட்கார்ந்தால் தோசை சுடலாம். இதெல்லாம்கூடப் போகட்டும். போன குடியரசு தினத்தில் கலெக்டர் கையால் வாங்கிய நற்சான்றிதழைக் கண்ணாடி போட்டு மேசைமேல் நிறுத்தியிருந்தான் செந்தமிழன். வாங்கியவன் தன்னைப் பார்க்கிற மாதிரி அல்லவா வைத்துக்கொள்ள வேண்டும்? ஆனந்தராஜைப் பார்க்கிற மாதிரி திருப்பி வைத்திருந்தான்.

அவர்கள் வேலை பார்த்தது பழங்குடி நில வரைபடச் சிறப்புப் பிரிவில். மாவட்டத்தில் எந்தப் பழங்குடிக் குடும்பம் எந்த நிலத்தில் இருக்கிறது என்று அளந்து, வரைந்து, அந்த நிலத்தை அவர்கள் பெயருக்கே பட்டாவாகக் கொடுப்பதற்காகத் தொடங்கிய பிரிவு. தொடங்கி வெகு காலம் ஆகிறது. இதுவரை யாருக்கும் கையகல நிலம் கிடைத்ததில்லை. ஆனால் வரைபடங்கள் வந்துகொண்டே இருந்தன, ஒன்றைவிட ஒன்று அழகாக.

பிரிவின் தலைமை அதிகாரி சொர்ணவல்லி மேடம். மேடைப் பேச்சும் சாதாரணப் பேச்சும் அவருக்கு ஒன்றுதான். “நிலம் எங்கயும் ஓடிப்போகாதுங்க. இன்னைக்கும் இருக்கும், நாளைக்கும் இருக்கும். வரைபடம் அப்படியா? கரையான் அரிக்கும், தண்ணி பட்டா அழியும். அதனால நாம காப்பாத்த வேண்டியது வரைபடத்தைத்தான். பழங்குடி மக்களுக்கு நிலம் தரணும்கிறது நம்ம கனவு. அந்தக் கனவை ஒருநாளும் விட்டுற மாட்டோம். நிறைவேத்திட்டா கனவு போயிருமில்ல?” என்று திங்கட்கிழமை தோறும் சொல்வார். எல்லாரும் கைதட்டுவார்கள். செந்தமிழன் மட்டும் ஒரு நொடி முன்னாலேயே தட்ட ஆரம்பித்து ஒரு நொடி பின்னால் நிறுத்துவான்.

வரைபடத்தின் அளவை அங்கே முடிவு செய்வது ஊர் அல்ல, கண்ணாடிச் சட்டம். ஒரு மார்ச் மாதக் கடைசியில் நிதி திரும்பிப் போய்விடக் கூடாதே என்று ஒரே அளவில் கண்ணாடிச் சட்டங்கள் வாங்கி அறை நிறைய அடுக்கியிருந்தார்கள். அதற்குள் அடங்க வேண்டும் என்பதால் பெரிய ஊரைச் சுருக்கினார்கள், சின்ன ஊரை இழுத்தார்கள்.

அதே வளாகத்தில் இன்னும் மூன்று அலுவலகங்கள் உண்டு. ஒன்று மரங்களுக்குக் காவல், ஒன்று குளங்களுக்குக் காவல், ஒன்று பாறைக்கும் தரிசுக்கும் காவல். வாசல் பலகையில் உள்ள பெயரைப் படித்து முடிப்பதற்குள் மூச்சு வாங்கும் என்பதால், வரைபடத்தில் அவற்றுக்குள்ள நிறத்தை வைத்தே எல்லாரும் சொல்வார்கள்: பச்சை ஆபீஸ், நீல ஆபீஸ், மஞ்சள் ஆபீஸ். பச்சைக்கு நீலத்தைக் கண்டால் ஆகாது. நீலத்துக்கு மஞ்சளைக் கண்டால் ஆகாது. மஞ்சளுக்கு இரண்டையும் கண்டால் ஆகாது. எந்த ஊரின் வரைபடம் வந்தாலும் முதலில் தங்கள் நிறம் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பார்கள். அடுத்ததாக அடுத்தவன் நிறம் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பார்கள். இரண்டாவது பார்வைக்குத்தான் நேரம் பிடிக்கும்.

கார்த்திகை மாதத்தில் ஊசிப்பாறையை வரையும் வேலை ஆனந்தராஜ் கைக்கு வந்தது. அந்த வருஷத்தின் சிறந்த வரைபடத்துக்குக் குடியரசு தினத்தில் சான்றிதழ் உண்டு என்றும், படத்தைக் கூட்ட அரங்கில் மாட்டுவார்கள் என்றும் மேடம் அறிவித்தார். ஆனந்தராஜ் செந்தமிழனின் மேசைமேல் இருந்த சான்றிதழைப் பார்த்தான். அதே மாதிரி ஒன்றை வாங்கி, அதை எந்தப் பக்கம் பார்க்கத் திருப்பி வைப்பது என்பதை அப்போதே முடிவு செய்துவிட்டான்.

நார்த்தாமலையிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கிறது ஊசிப்பாறை. ஒரு பக்கம் காடு, ஒரு பக்கம் குளம், மற்றொரு பக்கம் மொட்டைப் பாறை. மூன்றுக்கும் நடுவே நாக்கை நீட்டினது மாதிரி ஒரு மேட்டுத் துண்டு. அதன்மேல் வரிசையாக நரிக்குறவர் வீடுகள். பாசி மணி கோத்துத் திருவிழாக்களில் கடை போடுகிறவர்கள் அவர்கள். ஜீப்பை விட்டு இறங்கினதும் எதிரே வந்தவள் செவந்தி. பத்தாவது வரை படித்தவள், வெளியூர்க் கடைகளுக்கு போனிலேயே ஆர்டர் எடுத்து மணி மாலைகளைப் பார்சல் அனுப்புகிறவள்.

“வாங்க சார்,” என்றாள். “நீங்க எந்தக் கலரு?”

“நாங்க கலரு இல்லம்மா. வரையிறவங்க.”

“அப்பச் சரி. ஆவணியில வேளாங்கண்ணிக்குக் கடை போடப் போயிட்டு வந்து பாத்தா, வாசல்ல பச்சை போர்டு நிக்கிது. ஐப்பசியில திருச்செந்தூரு போயிட்டு வந்தா நீலமும் மஞ்சளும் சேந்து நிக்கிது. நாங்க திருவிழாவுக்குப் போயிட்டுத் திரும்பி வாரதுக்குள்ள எங்க வீடு வேற ஆபீசுக்குப் போயிருது சார்.”

மூன்று நிறப் பலகைகளும் அவள் வாசலில் வரிசையாக நின்றன. அவற்றுக்கிடையே கயிறு கட்டித் துணி காயப்போட்டிருந்தாள்.

“கரண்டுக் கம்பம் அந்தா வரைக்கும் வந்துருச்சு. பட்டா இருந்தாத்தான் லைன் குடுப்போம்னு சொல்லிட்டாங்க. எம் மக செல்லு வெளிச்சத்துல படிக்கிது. தை பொறந்து குடியரசு தினம் கழியிறதுக்குள்ள பட்டா காட்டலன்னா வேலி அடைச்சுருவோம்னு மூணு கலர்க்காரங்களும் தனித்தனியா வந்து சொல்லிட்டுப் போயிருக்காங்க. நீங்க சரியா அளந்து போட்டுக் குடுத்தா இங்கிட்டு இருப்போம். இல்லன்னா எங்கிட்டுப் போறதுன்னு தெரியல சார்.”

ஆனந்தராஜ் பதில் சொல்வதற்குள் ஆய்வு தொடங்கிவிட்டது. ஆய்வு என்றால் முதலில் பேனர். “பழங்குடியினர் நிலம் பழங்குடியினருக்கே” என்று எழுதின பேனரைக் கட்டுவதற்காகச் செவந்தியின் வாசலில் இரண்டு குழி தோண்டினார்கள். அங்கே இருந்த சுண்டைக்காய்ச் செடியைப் பிடுங்கிப் போட்டார்கள். பேனர் எழுந்ததும் அதற்குப் பின்னால் ஊரே மறைந்துவிட்டது. அடுத்தது போட்டோ. இதில் செந்தமிழனை அடிக்க ஆள் கிடையாது. அவனுக்கு ஊசிப்பாறையில் வேலையே இல்லை. ஆனாலும் புகைப்பட ஒருங்கிணைப்பு என்று சொல்லி ஜீப்பில் முன் சீட்டில் வந்திருந்தான். டேப்பின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு, தொலைதூரத்தில் ஏதோ ஒரு கல்லைக் கண்டுபிடித்துவிட்டவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நின்றான். மறுநுனியை ஆனந்தராஜ் பிடித்திருந்தான். போட்டோவில் டேப் மட்டும் விழுந்தது, ஆனந்தராஜ் விழவில்லை.

போட்டோ எடுத்ததும் டேப்பைக் கீழே போட்டுவிட்டு எல்லாரும் கிளம்பினார்கள். ஆனந்தராஜ் மட்டும் இருந்து அளந்தான். கடமை உணர்ச்சி என்று யாரும் தப்பாக நினைக்க வேண்டாம். செந்தமிழன் அளக்க மாட்டான். அந்த ஒரே காரணத்துக்காக இவன் அளந்தான். பொழுது சாயும்வரை ஒவ்வொரு வீட்டையும், ஒவ்வொரு சுவரையும் அளந்தான். செவந்தியின் பக்கத்து வீட்டு மூக்கன் டேப் பிடித்தார். இரண்டு வீட்டுக்கும் நடுவே கொஞ்சம் வெற்றிடம் கிடந்தது.

“இது யாரு எடம்?” என்றான் ஆனந்தராஜ்.

“அவுகளுதும்தான், எங்களுதும்தான்,” என்றார் மூக்கன். “கோழி நிக்கும். அதுக எங்கள ஒண்ணும் கேக்குறதில்ல.”

ஆபீசுக்கு வந்து கம்ப்யூட்டரில் வரைந்தான். நல்ல வரைபடம்தான். முடி இழை மாதிரி மெல்லிய கோடுகள், வீடு வீடாக, கோணல் கோணலாக, தரையில் இருந்தது இருந்தபடி. அதைக் கொண்டுபோய் மேடத்திடம் நீட்டினான். அவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், கழற்றிப் பார்த்தார்.

“என்ன ஆனந்தராஜ், எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கு? செந்தமிழன் போட்ட கோட்டைப் பாருங்க,” என்று தன் தலைக்கு மேலே மாட்டியிருந்த போன வருஷப் படத்தைக் காட்டினார். “வாசல்ல நின்னு பாத்தாலே தெரியுது. எல்லைக்கோடுன்னா அதுல ஒரு அதிகாரம் வேணாமா? இது ஏதோ மன்னிப்புக் கேக்குற மாதிரி இருக்கு.”

செந்தமிழன் நாற்காலியோடு உருண்டு வந்தான். “விடுங்க மேடம். அவனுக்கு நான் சொல்லித் தாரேன்.”

சொல்லித் தாரேன். அந்த ஒரு வார்த்தை ஆனந்தராஜின் நெஞ்சுக்குழியில் இறங்கி, வயிற்றுக்குப் போய், அங்கே அடுப்பு மூட்டிவிட்டது. செந்தமிழனின் படத்தைக் கம்ப்யூட்டரில் திறந்து கோட்டின் தடிமனைப் பார்த்தான். இரண்டு மில்லிமீட்டர். பல்லைக் கடித்துக்கொண்டு தன் படத்துக்குத் திரும்பினான். இங்கே மூன்று நிறங்களையும் பிரிக்கிற எல்லைக்கோடு அந்த மேட்டின்மேலேதான் ஓடியது. அதன் தடிமனை மூன்று என்று அடித்தான். அடித்த கையோடு வயிறு குளிர்ந்தது. அச்சிட்ட படத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு வாசலில் போய் நின்று பார்த்தான். தெரிந்தது. தெருவில் நின்று பார்த்தான். அங்கிருந்தும் தெரிந்தது. செந்தமிழனின் கோடு அதற்குப் பக்கத்தில் நோஞ்சானாகத் தெரிந்தது.

அவன் பார்த்ததெல்லாம் கோட்டைத்தான். கண்ணாடிச் சட்டத்துக்காகச் சுருக்கிய அந்தப் படத்தில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் இருபது மீட்டர். மேட்டுத் துண்டின் அகலம் அறுபது மீட்டர்.

படம் மூன்று ஆபீசுக்கும் போனது. பச்சை அதிகாரி தன் நிறத்தைப் பார்த்துவிட்டு, நீலம் கொஞ்சம் பளிச்சென்று இருப்பதாகக் குறைபட்டுக்கொண்டார். நீலத்தை மங்க வைத்தார்கள். நீல அதிகாரி பச்சையை மங்க வைக்கச் சொன்னார். மஞ்சள் அதிகாரி, மற்ற இரண்டும் மங்கினால் தன்னுடையது மட்டும் பளிச்சென்று தெரியும் என்பதால் வாயைத் திறக்காமல் கையெழுத்துப் போட்டார். மேடமும் போட்டார். படம் சட்டத்துக்குள் ஏறி, கூட்ட அரங்கில் தொங்கியது. ஆனந்தராஜ் தினமும் ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு அந்தப் பக்கம் போய்வந்தான்.

மார்கழியில் ஒரு திங்கட்கிழமை குறைதீர் நாளுக்கு வந்த செவந்தி, அரங்கில் அந்தப் படத்துக்கு முன்னால் வெகுநேரம் நின்றாள்.

“சார், இது எந்த ஊரு?”

“ஒங்க ஊருதாம்மா. ஊசிப்பாறை,” என்றான் ஆனந்தராஜ் பெருமையாக.

“காடு தெரியிது. கொளம் தெரியிது. பாறையும் தெரியிது. எங்க வீடெல்லாம் எங்கிட்டு இருக்கு?”

ஆனந்தராஜ் விரலை நேரே கொண்டுபோய் வைத்தான். விரலை எடுத்தான். அங்கே கறுப்பாக ஒரு கோடு இருந்தது. கொஞ்சம் மேலே வைத்தான், கொஞ்சம் கீழே வைத்தான். மேலே பச்சை, கீழே நீலம். அவன் முகத்தில் ஈயாடவில்லை.

“இந்தக் கோட்டுக்கு அடியிலயா சார் இருக்கோம்?” என்றாள் செவந்தி.

அவன் மேடத்திடம் ஓடினான். தடிமனைக் குறைத்து இன்னொரு படம் அச்சிட்டுவிடலாம், பத்து நிமிஷ வேலை என்று கெஞ்சினான். மேடம் அமைதியாகக் கேட்டுக்கொண்டார்.

“ஆனந்தராஜ், இது நாலு அதிகாரிங்க கையெழுத்துப் போட்ட படம். படம் தப்புன்னா நாலு பேரும் தப்பு. ஒரே நேரத்துல நாலு அதிகாரிங்க தப்பா இருக்க முடியுமா? முடியாது. அப்ப தப்பு எங்க இருக்கு? தரையில இருக்கு.”

தரையில் உள்ள தப்பைத் திருத்த உடனே கூட்டம் போட்டார்கள். மூன்று நிற அதிகாரிகளும் வந்தார்கள், முந்திரி பக்கோடாவும் வந்தது. முதலில் யோசனை சொன்னவன் செந்தமிழன்: வரைபடத்தில் வீடு இல்லை, ஆகவே தரையிலும் வீடு இருக்கக் கூடாது, நோட்டீஸ் கொடுத்து எடுத்துவிடலாம். எல்லாரும் மெச்சினார்கள். மேடம்தான் சிக்கலைக் கண்டுபிடித்தார். இல்லாத வீட்டுக்கு எப்படி நோட்டீஸ் கொடுப்பது? வீட்டை எடுக்க வேண்டுமானால் முதலில் அது வரைபடத்தில் இருக்க வேண்டும். வரைபடத்தில் இருந்துவிட்டால் பட்டா கொடுக்க வேண்டும். பட்டா கொடுத்துவிட்டால் எடுக்க முடியாது. ஒரு தட்டு பக்கோடா தீரும்வரை இதையே சுற்றிச் சுற்றி வந்தார்கள்.

அப்போதுதான் மஞ்சள் அதிகாரி, கையைத் துடைத்துக்கொண்டே, “சரி, அந்தக் கோடு யாருக்குச் சொந்தம்?” என்று சும்மா கேட்டுவைத்தார்.

அதுவரை அந்த மேட்டை யாரும் ஒரு பொருட்டாக நினைத்ததில்லை. ஒருவர் கேட்டதும் மற்ற இருவருக்கும் மூக்கு வேர்த்துவிட்டது.

“எங்க பச்சை முடியிற இடத்துலதான் கோடு ஆரம்பிக்குது. அதனால அது எங்க தொடர்ச்சி,” என்றார் பச்சை அதிகாரி.

“எங்க குளத்துக்கு அது கரை. கரையில்லாம குளம் உண்டா?” என்றார் நீல அதிகாரி.

“கோட்டுக்கு அடியில பாறை இருக்குய்யா,” என்றார் மஞ்சள் அதிகாரி.

சாயங்காலம் வரை அடித்துக்கொண்டார்கள். கடைசியில் மேடம் ஒரு சமாதானத்துக்குக் கொண்டுவந்தார். கோடு மூன்று மில்லிமீட்டர், ஆபீசும் மூன்று, ஆளுக்கு ஒரு மில்லிமீட்டர். நீளவாக்கில் கிழித்துப் பிரித்துக்கொண்டு அவரவர் வேலி போட்டுக்கொள்ள வேண்டியது. மறுநாள் மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு கையெழுத்து.

வெளியே வராண்டாவில் செவந்தி காத்திருந்தாள். “என்ன சார் முடிவு பண்ணாங்க?”

“ஒங்க வீட்டுல வாசல் பச்சைக்கு, நடுக்கூடம் நீலத்துக்கு, சமையக்கட்டு மஞ்சளுக்கு,” என்றான் ஆனந்தராஜ். எவ்வளவு முயன்றும் அவளை நேராகப் பார்க்க முடியவில்லை.

அவள் அழவில்லை. “அன்னைக்குப் பொழுது சாயிற வரைக்கும் அளந்தீங்களே சார். டீகூட வேணாம்னுட்டு அளந்தீங்க. நம்மளயும் ஒருத்தரு ஒழுங்கா அளக்குறாருன்னு ஊரே பேசிக்கிட்டோம். அந்த அளவெல்லாம் எங்க சார் போச்சு?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

ஆனந்தராஜுக்கு வெட்கமாக இருந்தது. செந்தமிழனைவிட ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக இருக்க ஆசைப்பட்டதில் ஒரு ஊரே அடியில் போய்விட்டது. வீட்டில் மனைவி புவனேஸ்வரி தட்டு வைத்ததற்கு வேண்டாம் என்றான். மறுபடி வயிறு எரிகிறதாக்கும் என்று அவள் ரோஸ் கலர் மருந்தை எடுத்துவந்தாள். இந்தத் தடவை எரிவது வயிறு இல்லை என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

காலையில் பல் விளக்கும்போது வழி தெரிந்தது. சர்வே, சட்டம், கம்ப்யூட்டர் எதிலும் அவன் மாவட்டத்தில் முதல் ஆள் கிடையாது. ஆனால் பொறாமை என்கிற பாடத்தில் அவனுக்கு நிகர் யார்? எந்த இடத்தில் தொட்டால் எங்கே எரியும் என்று அவனுக்குத் தெரிந்த அளவுக்கு யாருக்கும் தெரியாது.

பச்சை அதிகாரி வண்டியை நிறுத்தும்போதே போய்ப் பிடித்தான்.

“வாழ்த்துகள் சார். ஒரு மில்லிமீட்டர் கிடைச்சுருச்சு.”

“ம், ம்.”

“நீலத்துக்குத்தான் நடு மில்லிமீட்டராம். மேட்டோட உச்சி. அங்க விருந்தினர் மாளிகை கட்டலாமான்னு பேச்சு அடிபடுது. நமக்கு என்ன சார், கட்டிட்டுப் போகட்டும். மொட்டைமாடியில நின்னு ஒங்க காட்டையெல்லாம் பாத்துக்கிட்டு டீ குடிப்பாங்க.”

பச்சை அதிகாரி ஹெல்மெட்டைக் கழற்றினவர் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். “நான் மரம் வளப்பேன், அவன் பாத்துக்கிட்டு டீ குடிப்பானா?”

“காத்து நல்லா வருமாம் சார்.”

“எங்க காத்துய்யா அது! இதைத் தடுக்க வழியே இல்லையா?”

“ஒங்களுக்கும் வேணாம், அவங்களுக்கும் வேணாம்னு மூணாவது ஆளுக்கு விட்டாத்தான் உண்டு. ஆனா மூணாவது ஆளு யாரையும் கடுப்பேத்துற ஆளா இருக்கக் கூடாது. மொட்டைமாடி கட்ட வசதி இல்லாத ஆளா இருக்கணும்.”

“அப்படி யாரு இருக்கா?”

ஆனந்தராஜ் வானத்தைப் பார்த்து யோசித்தான். “பழங்குடி ஆளுக இருக்காங்களே சார்.”

“நல்ல யோசனை. அவங்க எங்க இருக்காங்க?”

“கோட்டுலதான் சார்.”

நீல அதிகாரியை டீக்கடையில் பிடித்தான். பச்சை அந்த மேட்டில் காவல் கோபுரம் எழுப்பி, நீலத்தின் குளத்தில் யார் குளிக்கிறார்கள் என்று பார்க்கப் போகிறது என்றதும் அவர் வடையைக் கீழே வைத்துவிட்டார். மஞ்சள் அதிகாரியிடம் எதுவுமே சொல்ல வேண்டியிருக்கவில்லை. மற்ற இருவரும் வேண்டாம் என்கிறார்களாம் என்று காதில் விழுந்ததும், அவர்கள் வேண்டாம் என்பதை நான் எதற்காக வாங்க வேண்டும் என்று கோபித்துக்கொண்டார்.

மத்தியானக் கூட்டத்தில் பச்சை அதிகாரி எழுந்து நெஞ்சில் கைவைத்துப் பேசினார். “இந்த நிலம் பழங்குடி மக்களுக்கே சொந்தம். வேறு யாருக்கும் சொந்தமில்லை. குறிப்பாக நீலத்துக்குச் சொந்தமில்லை. அந்த வகையில் இது அவர்களின் பிறப்புரிமை.”

நீல அதிகாரி துள்ளி எழுந்தார். “இதே கருத்தைப் பச்சை நினைப்பதற்கு முன்பே நாங்கள் நினைத்துவிட்டோம். எங்கள் இரக்கம் அவர்கள் இரக்கத்தைவிட மூத்தது.”

மஞ்சள் அதிகாரி உட்கார்ந்தபடியே, “யாருக்குக் கொடுத்தாலும் எங்களுக்குச் சம்மதம். இந்த ரெண்டு பேருக்கும் இல்லை என்பதை மட்டும் தடித்த எழுத்தில் போட வேண்டும்,” என்றார்.

போட்டார்கள். ஊசிப்பாறை வரைபடத்திலுள்ள கறுப்புக் கோடு, தடிமன் மூன்று மில்லிமீட்டர், அதன்மேல் குடியிருப்போருக்கே பாத்தியப்பட்டது என்று பட்டா தயாரானது. வரைபடத்தை யாரும் தொட வேண்டியிருக்கவில்லை. நால்வரின் கையெழுத்தும் சரியாகவே இருந்தது. மேடம் மட்டும் பேனாவைத் திறந்து, மூடி, மறுபடி திறந்துதான் கையெழுத்துப் போட்டார். கனவு ஒன்று நிறைவேறிப்போனது அந்தப் பிரிவில் இதுதான் முதல் தடவை. இதற்குப் பிறகு திங்கட்கிழமைகளில் எதைப் பேசுவது என்கிற கவலை அவருக்கு.

குடியரசு தினத்தன்று மைதானத்தில் செவந்தியும் மூக்கனும் மற்றவர்களும் பட்டா வாங்கினார்கள். ஆனந்தராஜ் கை வலிக்கத் தட்டினான். அடுத்து, மூன்று துறைகளையும் ஒருங்கிணைத்து இந்தச் சாதனையைப் படைத்தவருக்கு நற்சான்றிதழ் என்று மைக்கில் அறிவித்தார்கள். அவன் சட்டையைச் சரிசெய்துகொண்டு அரை அடி எடுத்தும் வைத்துவிட்டான். செந்தமிழன் பெயரை வாசித்தார்கள். கோப்பில் இருந்த எல்லா போட்டோவிலும் நடுவில் நின்றது அவன்தானே. ஆனந்தராஜுக்கும் மறுநாள் ஒரு காகிதம் வந்தது. அனுமதி பெறாமல் எல்லைக்கோட்டின் தடிமனை ஒரு மில்லிமீட்டர் உயர்த்தியது ஏன் என்று விளக்கம் கேட்டு மெமோ.

இப்போது செந்தமிழன் மேசைமேல் இரண்டு சான்றிதழ்கள் நின்றன. இரண்டும் ஆனந்தராஜைப் பார்த்துக்கொண்டு நின்றன. ரோஸ் கலர் மருந்தைப் பெரிய பாட்டிலாக வாங்க ஆரம்பித்தான்.

மாசி மாதத்தில் ஒருநாள் செவந்தி கையில் ஒரு மனுவோடு ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள்.

“லைட்டு எரியிது சார்,” என்றாள் உள்ளே வந்ததும். “எம் மக எங்களத் தூங்க விடாமப் படிக்கிது. வாசல்ல நின்ன போர்டு மூணையும் கழட்டியாச்சு.”

“சந்தோஷம்மா.” உண்மையிலேயே அவனுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

“ஆனா ஒரு பிரச்சினை சார். பட்டா வந்ததும் மூக்கன் வேலி போட்டாரு. அந்த நடு எடத்துல வேலி எங்க பக்கம் ஒரு மொழம் தள்ளி வந்துருச்சு. முன்ன எங்க கோழி எங்கிட்டு நின்னா எனக்கென்னன்னு இருந்தவதான். இப்ப அந்த ஒரு மொழத்த நெனச்சா சோறு எறங்கல. அவுக வீட்டு வாசல் பெருசா தெரியிது. நான் இப்பிடி இருந்ததே இல்ல சார்.” குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “வயிறெல்லாம் எரியிது.”

ஆனந்தராஜ் அவளை அன்போடு பார்த்தான். பட்டா, வேலி, வயிற்றெரிச்சல் எல்லாம் வந்தாகிவிட்டது. இனி இவளை நிலத்துக்குச் சொந்தக்காரி இல்லை என்று எந்த நிறத்து ஆபீசும் சொல்ல முடியாது. மேசை டிராயரைத் திறந்து மருந்து பாட்டிலை எடுத்து, “சாப்பாட்டுக்கு முன்னாடி ஒரு மூடி குடிங்க,” என்று அவளிடம் நீட்டினான்.

சுழல் நாற்காலி கிறீச்சிட்டுக்கொண்டு திரும்பியது. “மனுவை இங்கிட்டுக் குடும்மா,” என்றான் செந்தமிழன், கையை நீட்டி. “நானே நேர்ல வந்து அளந்து தாரேன். போட்டோவோட பக்காவா முடிச்சுரலாம்.”

செவந்தி மனுவை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

“வேணாம் சார். நீங்க டேப்பப் புடிச்சுக்கிட்டுப் போட்டோவுக்கு நிப்பீங்க, அம்புட்டுத்தான். ஆனந்தராஜ் சாரு வந்தாத்தான் நாங்க அளக்க விடுவோம். மூக்கனும் அதத்தான் சொல்றாரு. அளக்கத் தெரிஞ்சவரு அவரு ஒருத்தருதான்னு ஊருக்கே தெரியும்.”

கிறீச் சத்தம் நின்றது. ஆனந்தராஜ் தன் ஆடுகிற நாற்காலியை மெல்லத் திருப்பினான். சான்றிதழ்களுக்கு மேலே செந்தமிழனின் முகம் தெரிந்தது. கன்னம் இறுகியிருந்தது. கை தானாகப் போய் வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தது. அந்த இடம் எந்த இடம் என்று ஆனந்தராஜுக்கு நன்றாகத் தெரியும். பல மாதத்துக்குப் பிறகு அவன் வயிறு குளிர்ந்தது. இழவெடுத்த நாற்காலிகூட அந்த நிமிஷம் ஆடாமல் நின்றது.

அவன் காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டு செவந்தியின் பக்கம் சாய்ந்தான்.

“என்னம்மா சொன்னீங்க? எனக்குச் சரியாக் கேக்கல. இன்னொரு தடவை, கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க.”